கடன் இருந்ததற்குச் சாட்சி

ஆர்லோ ஸ்டக்கி இருபத்திரண்டு வருஷமாக வேலிக்கு வெளியே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். போன அக்டோபர் எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மத்தியானம் சாப்பிடப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால், வேலிக்கு உள்ளே வேலை பார்ப்பவராகியிருந்தார். அவர் ஓர் அடியும் நகரவில்லை. வேலிதான் முப்பதடி நகர்ந்து, அவருடைய பாய்லர் கொட்டகையைத் தாண்டிப் போய் நின்றுகொண்டது.

ஒஹையோ மாநிலத்தில் டன்ரோ என்கிற அந்த ஊரில் வேலி எது என்று எல்லாருக்கும் தெரியும். வேலிக்குள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உள்ளே வேலை பார்க்கிற ஆயிரத்து நானூறு பேரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. தெரிந்ததனால் திறக்கவில்லையா, தெரியாததனால் திறக்கவில்லையா என்பதும் ரகசியம். வாசலில் ஒரு பலகை உண்டு: ‘அரசுச் சொத்து. நிற்காதே.’ மூன்று தலைமுறையாக ஊரின் பிழைப்பு அந்தப் பலகைக்குப் பின்னால்தான் நடந்துவந்தது.

ஆர்லோவிடம் ரகசியம் என்று ஒன்றும் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் செய்த நீராவி பாய்லர் ஒன்றைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. பனிக்காலத்தில் அந்த ஆயிரத்து நானூறு பேரும் விறைத்துப்போகாமல் இருந்தது அந்தக் கிழட்டு இரும்பின் தயவில். அதன் இடதுபக்க வால்வை மூன்று தட்டு தட்டிவிட்டுத் திருப்பவேண்டும். நான்கு தட்டினால் கோபித்துக்கொண்டு அணைந்துவிடும். கையேட்டில் இது இல்லை.

வேலி நகர்ந்த மறுநாளே உத்தரவு வந்தது. இனிமேல் பாய்லருக்குப் பக்கத்தில் போக ரகசிய அனுமதி வேண்டும். அதுவரை தற்காலிகச் சீட்டு. ஜனவரி முப்பத்தொன்றோடு அது செத்துப்போகும். அதற்குள் அனுமதி கிடைக்காவிட்டால் வேலை போகும். வேலை போனால் மருத்துவக் காப்பீடு போகும். காப்பீடு போனால், மனைவி விலெட்டாவுக்கு மார்ச் பதினேழாம் தேதி குறித்துவைத்திருந்த முழங்கால் அறுவை போகும். விலெட்டா பன்னிரண்டு வருஷமாக மாடிப்படியைப் பக்கவாட்டில் ஏறிக்கொண்டிருந்தவள். ஆர்லோவுக்கு வயது ஐம்பத்தெட்டு. அந்த வயதில் அந்த பாய்லரைத் தவிர வேறு எதுவும் அவரை மதிக்காது என்பது அவருக்குத் தெரியும்.

தற்காலிகச் சீட்டுக்குச் சில முறைகள் உண்டு. அவர் கொட்டகைக்குள் நுழையும்போது காவலர் ஒருவர் முன்னால் சிவப்பு விளக்கைச் சுழற்றிக்கொண்டு, “அனுமதி இல்லாத ஆள் வர்றாரு!” என்று மூன்று முறை குரல் கொடுப்பார். உள்ளே இருப்பவர்கள் தங்கள் காகிதங்களைக் கவிழ்த்துவைக்கவேண்டும். கொட்டகைக்குள் ஆர்லோவைத் தவிர வேறு ஆள் கிடையாது. காகிதமும் ஒன்றுதான், அவருடைய ரொட்டியைச் சுற்றியிருந்த காகிதம். குரல் கேட்டதும் அவர் உள்ளே போய், தன்னிடமிருந்து மறைப்பதற்காக, அதைத் தானே கவிழ்த்துவைப்பார்.

அனுமதிப் பிரிவின் தலைவர் ப்ரெண்டிஸ் ஹாலோவே நூற்று முப்பத்தாறு பக்கமுள்ள படிவத்தை இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தார்.

“மிஸ்டர் ஸ்டக்கி, ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்கங்க. கடன் எங்களுக்குப் பெரிசே இல்ல. மனுஷனாப் பொறந்தா கடன் இருக்கத்தான் செய்யும். மறைக்கிறான் பாருங்க, அவன்தான் ஆபத்து. மறைச்சதைக் காட்டி எதிரி அவனை மிரட்டுவான். அதனால ஒண்ணு விடாம எழுதுங்க. இந்த நாற்காலியில பதினெட்டு வருஷமா உக்காந்திருக்கேன். நாலாயிரம் பேருக்கு அனுமதி குடுத்திருக்கேன். அந்த நாலாயிரத்துல ஒருத்தருக்குக்கூட ஒரு டாலர் கடன் இருந்ததில்ல. எழுத்துல இருக்கு, வேணும்னா காட்டறேன். இவ்வளவு நேர்மையான ஊரை வேற எங்க பாத்திருக்கீங்க?”

ஆர்லோ ஜன்னல் வழியாகப் பார்த்தார். வண்டி நிறுத்துமிடத்தில் வரிசையாகப் புது டிரக்குகள் நின்றன. பாதி டிரக்குகளுக்குப் பின்னால் படகு கட்டியிருந்தது. ஊரில் படகு விட ஏரி கிடையாது. இருந்த ஒரே ஏரியைப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலி எடுத்துக்கொண்டுவிட்டது. அப்போதும் ஒரு செவ்வாய்க்கிழமைதான்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு மெர்ல் ஓட்ல் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தார். மெர்ல் முப்பது வருஷமாக வேலிக்குள்ளே ஆவண அறையில் இருக்கிறார். முத்திரை வைத்த ரகசிய உறைகள் வரும். அவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். கையெழுத்துப் போடும்வரை உறையைத் திறக்கக்கூடாது. கையெழுத்துப் போடாமல் உறையைத் திருப்பி அனுப்பவும் கூடாது. முப்பது வருஷப் பழக்கத்தில், கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட அவர் கை பேனாவைத் தேடும்.

விலெட்டா அவர் முன்னால் ஒரு தட்டு கொத்துக்கறி மீட்லோஃபை வைத்தாள். மெர்ல் படிவத்தைப் புரட்டினார்.

“இதுல என்னடா யோசனை? எல்லா இடத்துலயும் ‘இல்லை’ போடு. எங்க அப்பா ‘இல்லை’ போட்டார். நான் போட்டேன். என் மருமகன் படிவத்தைப் பிரிக்காமலே போட்டான்.”

“ஆனா இருந்துதே, மெர்ல்! பாய்லர் வேலையோட தூண்டில் கடையும் போட்டு, ஏரி போயி, கடை கவுந்து, பேங்குக்கு அய்யாயிரத்து நானூறு நின்னுது. விலெட்டாவோட பித்தப்பைக்கு ஆஸ்பத்திரியில ரெண்டாயிரத்து எழுநூறு. ஒம்பது வருஷம் கட்டினேன்.”

“கட்டி முடிச்சாச்சில்ல? முடிஞ்சதை எதுக்குத் தோண்டறே?”

“கடந்த ஏழு வருஷத்துல பாக்கி நின்னுதான்னு கேட்டிருக்கு. நின்னுது.”

“கேப்பாங்க. கேக்கறது அவங்க மரியாதை. ‘இல்லை’ங்கிறது நம்ம மரியாதை. ஒருத்தர் வீட்டுக்குப் போனா ‘சாப்பிடறீங்களா’ன்னு கேக்கறதில்லையா? அதுக்காக நீ உக்காந்து எல்லாத்தையும் தின்னுடுவியா?” என்று சொல்லிவிட்டு மெர்ல் இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு விலெட்டா சொன்னாள்: “உண்மையை எழுதறதுன்னா எழுது, ஆர்லோ. ஆனா நீ எழுதற மாதிரி எழுதாதே. கொஞ்சமா எழுது.”

ஆர்லோவுக்குக் கொஞ்சமாக எழுத வராது. படிவத்தோடு பதினோரு பக்கம் தனியாக இணைத்தார். தூண்டில் கடை, பேங்கு, ஆஸ்பத்திரி, மாதம் எழுபத்தைந்து டாலர் வீதம் நூற்றெட்டுத் தவணை. நூலகத்துக்குத் திருப்பித் தராத பறவைகள் புத்தகம் ஒன்று. கடைசி வரியில், மெர்ல் ஓட்லிடம் பதினாறு வருஷத்துக்கு முன்னால் பனி வாரும் மண்வெட்டியை இரவல் வாங்கி உடைத்துவிட்டதும், அதற்கு இருபது டாலர் தருவதாகச் சொல்லி இன்னும் தராததும்.

நவம்பரில் விசாரணை அதிகாரி வந்தார். பெயர் க்ளிஃப்டன் பீஸ்லி. கையில் குறிப்பேடு, முகத்தில் ஒன்றும் இல்லை. ஆர்லோவின் பதினோரு பக்கத்தையும் நின்றுகொண்டே படித்தார்.

“இதெல்லாம் நீங்களா எழுதினதா?”

“ஆமாங்க.”

“யாராவது மிரட்டி எழுதவெச்சாங்களா?”

“படிவத்துல கேட்டிருந்துதுங்க.”

பீஸ்லி குறிப்பேட்டில் எழுதினார்: ‘படிவத்தைப் படித்திருக்கிறார்.’ அடியில் இரண்டு கோடு போட்டார்.

பிறகு அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போனார். டன்ரோவில் விசாரணை அதிகாரி கதவைத் தட்டினால் சொல்வதற்கென்று நான்கு வாக்கியங்கள் உண்டு. தாயும் தகப்பனும் சொல்லிக்கேட்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகுமுன்பே அவற்றைத் தெரிந்துகொண்டுவிடும். ‘தங்கமான மனுஷன். வேளையோட தூங்கிடுவார். வரவுக்கு மீறி செலவு பண்ணமாட்டார். வெளிநாட்டு ஆள் யாரும் அவர் வீட்டுக்கு வந்ததில்ல.’ பல வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டில், ஆள் வெளியூர் போயிருந்தபோது, அவர் வளர்த்த கிளியே நான்கையும் ஒப்பித்து, அண்டைவீட்டுக்காரனுக்கு அனுமதி வாங்கிக் கொடுத்ததாக ஊரில் ஒரு பேச்சு உண்டு.

ஆர்லோ நல்லவர் என்பதால் ஊர்க்காரர்கள் நான்கோடு நிற்கவில்லை. ஒருத்தி, “கடனா? அந்த வார்த்தைக்கே அவருக்கு அர்த்தம் தெரியாது” என்றாள். இன்னொருவர், “தூண்டில் கடையா? இந்த ஊர்ல மீனே கிடையாதே” என்றார். மெர்ல் எல்லாரையும் மிஞ்சினார். “ஆர்லோ எனக்குக் கடன் தரணுமா? சார், அவன் எனக்கு ஒரு காசு தரவேண்டியதில்ல. பைபிள் எடுத்துட்டு வாங்க, கை வெச்சுச் சொல்றேன்.” பீஸ்லியிடம் பைபிள் இருந்தது. மெர்ல் கை வைத்துச் சொன்னார்.

மீதியைக் காலம் செய்து முடித்தது. பேங்கை இன்னொரு பேங்கு விழுங்கியிருந்தது. ஆஸ்பத்திரியை இடித்துக் கார் கழுவும் இடம் கட்டியிருந்தார்கள். கடன் வசூல் செய்த கம்பெனி மூடிப்போயிருந்தது. ஏழு வருஷத்துக்கு மேலாகிவிட்ட பழைய கடன்களை நாட்டின் கணினி தானாகவே மறந்துவிட்டிருந்தது. ஆர்லோ ஸ்டக்கி என்று தட்டினால், பிறந்த குழந்தையைப் போலச் சுத்தமாக வந்தது.

டிசம்பர் பதினொன்றாம் தேதி கடிதம் வந்தது. விலெட்டா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தாள்:

‘தங்களுக்குக் கடன்கள் இருந்ததாகத் தாங்கள் அளித்த வாக்குமூலத்தை எந்த ஆவணமும், எந்த அண்டைவீட்டாரும் உறுதிசெய்யவில்லை. இல்லாத கடனை இருந்ததாகக் கூறியது பொய்யுரைத்தலாகும். இதற்கான உள்நோக்கம் விளங்காமையால், இது சாதாரணப் பொய்யைவிடக் கவலைக்குரியது. கடன் இருந்ததைத் தாங்கள் முப்பது நாளுக்குள் ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். தாங்கள் குறிப்பிடும் ஏரியைப் பொறுத்தவரை, அது இருந்தது என்றோ இல்லை என்றோ இத்துறை கூற இயலாது.’

விலெட்டா கண்ணாடியைக் கழற்றினாள். “ஒம்பது வருஷம் போன் மணி அடிச்சா நெஞ்சு அடைக்கும் எனக்கு. இப்ப அவங்களையெல்லாம் நாமளே தேடிப் போயி, ‘வாங்க, எங்களைக் கேவலப்படுத்தினதை நாலு பேர் முன்னால சொல்லுங்க’ன்னு கூப்பிடணுமா?”

“ஆமா” என்றார் ஆர்லோ.

மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். மடியில் கனம் இருந்தது என்று தானே சொன்னவனை, ‘எங்கே கனம், காட்டு’ என்று வழிமறித்து நிற்பது ஆர்லோவுக்குப் புதிதாக இருந்தது. முதலில் மெர்லிடம் போனார்.

மெர்ல் அவரைக் கார் கொட்டகைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். “நீ எனக்கு இருபது டாலர் தரணும்ங்கிறது உண்மைதான். இல்லேங்கல. ஆனா அந்த உண்மையைச் சொன்னா, நான் சொன்னது பொய்ங்கிறதும் உண்மையாயிடும். என் அனுமதி போயிடும். இன்னும் ரெண்டே வருஷம், ஓய்வூதியம். நல்லவன்னு பேர் வாங்கித் தந்தவனுக்கு நீ பண்றது இதுதானா?”

“அப்ப இப்பவே இருபதை வாங்கிக்கோ. கணக்குத் தீரட்டும்.”

மெர்ல் பாம்பைக் கண்டதுபோல் பின்வாங்கினார். “வாங்கினா இருந்ததா ஆயிடுமே! எடுத்து உள்ள வை. யாராவது பாத்துடப்போறாங்க!”

பேங்கிலிருந்து பதில் இல்லை. கார் கழுவும் இடத்தில், பித்தப்பை பற்றித் தங்களுக்கு எதுவும் தெரியாது என்று மரியாதையாகச் சொன்னார்கள். கெடுவைத் தள்ளிவைக்கக் கேட்டு ஆர்லோ மூன்று கடிதம் எழுதினார். விசாரணையைப் பிப்ரவரி பதினொன்றுக்குத் தள்ளிவைத்தார்கள். தற்காலிகச் சீட்டைத் தள்ளிவைக்கவில்லை. ஜனவரி முப்பத்தொன்று மாலை ஐந்து மணிக்கு ஆர்லோ சிவப்பு விளக்கின் பின்னால் கடைசியாக நடந்து வெளியே வந்தார். அனுமதி உள்ள பொறியாளர் ஒருவரை பாய்லரிடம் அனுப்பினார்கள். அவர் கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, குத்துமதிப்பாக வால்வை நான்கு தட்டு தட்டினார்.

அன்றிலிருந்து வேலிக்குள்ளே குளிர் ஏறத் தொடங்கியது.

வசூல் கம்பெனிதான் மூடிப்போனது, வசூலித்தவள் மூடிப்போகவில்லை. டாரீன் ஃபுஸ்க்கோ. ஒன்பது வருஷம், ஒவ்வொரு மாதமும் முதல் வியாழக்கிழமை மாலை ஆறு பத்துக்கு ஆர்லோவைப் போனில் கூப்பிட்டவள். முதல் வருஷம் மிரட்டினாள். இரண்டாம் வருஷம் வட்டியைப் பேசித் தள்ளுபடி செய்து கொடுத்தாள். மூன்றாம் வருஷத்திலிருந்து விலெட்டாவின் பித்தப்பையை விசாரித்தாள். கடைசித் தவணை அன்று அவள் கொடுத்த வீட்டு போன் எண் ஆர்லோவின் பழைய நாட்காட்டியில் இருந்தது. ஆர்லோ கூப்பிட்டார்.

“சாட்சியா? எதுக்கு, நீங்க தரவேண்டியது எதுவும் இல்லைன்னா?” என்று கேட்டாள் டாரீன்.

“இல்லம்மா. தரவேண்டி இருந்துதுன்னு.”

“இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கேஸ் நான் பாத்ததில்ல, மிஸ்டர் ஸ்டக்கி. எந்த பஸ்ஸுக்கு வரணும்?”

டொலிடோவிலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து, சக்கரம் வைத்த காய்கறி வண்டி ஒன்றை இழுத்துக்கொண்டு எழுபது வயதுப் பெண் ஒருத்தி இறங்கினாள். வண்டி நிறையத் தடித்தடி நோட்டுப் புத்தகங்கள்.

“குரலுக்கு நான் ரொம்பக் குள்ளம், தெரியும்” என்றாள். “கம்பெனி மூடறப்போ இதையெல்லாம் குப்பையில போடச் சொன்னாங்க. எனக்கு மனசு வரல. இது என் ஆயுசு.”

விசாரணை வேலி வாசலை ஒட்டிய முன்கூடத்தில் நடந்தது. ஹாலோவே தொப்பி, கம்பளிக் கழுத்துத் துணி, இரண்டு மேலங்கி, கையுறை எல்லாவற்றோடும் நடுவில் உட்கார்ந்திருந்தார். பேசும்போது எல்லார் வாயிலிருந்தும் ஆவி வந்தது. பீஸ்லியின் பேனாவில் மை உறைந்திருந்ததால் அவர் அடிக்கொருதரம் அதைக் கக்கத்தில் வைத்து எடுத்தார். மெர்ல், ‘கடன் இல்லை’ என்று சொல்வதற்கான சாட்சியாக, கண்ணைத் தரையில் நட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஹாலோவே தொடங்கினார். “இந்த அமைப்பு நேர்மைங்கிற ஒரே தூண் மேல நிக்குது. மிஸ்டர் ஸ்டக்கி அந்தத் தூணை ஆட்டிப்பாத்திருக்கார். இவ்வளவு உண்மை பேசற ஆளை நான் என் பதவிக்காலத்துல பாத்ததில்ல. இயல்பா இருக்கறவன் இவ்வளவு சொல்லமாட்டான். இதுக்குப் பின்னால எவ்வளவு பெரிய பொய் இருக்கணும்னு நெனச்சா எனக்கு நடுக்கமா இருக்கு.” உண்மையிலேயே அவர் நடுங்கினார்; அது குளிரால்.

மெர்ல் எழுந்து நான்கு வாக்கியத்தையும் ஒப்பித்தார். ஐந்தாவதாக, “எனக்கு இருபது டாலர் தரவேண்டியதில்ல” என்றார். எத்தனை டாலர் என்று யாரும் கேட்டிருக்கவில்லை. பீஸ்லியின் பேனா அந்நேரம் கக்கத்தில் இருந்தது.

டாரீனைக் கூப்பிட்டார்கள். அவள் முதல் நோட்டைத் திறந்தாள்.

“ஸ்டக்கி, ஆர்லோ. நூத்தியெட்டு அழைப்பு. படிக்கறேன். ‘தானே எடுத்தார். பணமில்லை என்றார். எழுபத்தஞ்சு அனுப்புவேன் என்றார். அனுப்பினார்.’ அடுத்த மாசம்: ‘தானே எடுத்தார். அனுப்பினார்.’ அதுக்கடுத்த மாசம்...”

“போதும்” என்றார் ஹாலோவே. “இந்த நோட்டை நாங்க எப்படி நம்பறது? வேற யாரைப் பத்தியாவது இதுல சரியா எழுதியிருக்கா?”

இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவேண்டாம் என்று அவருக்குப் பிற்பாடு தோன்றியிருக்கும்.

“இந்த ஊர்ல இருநூத்தி எழுபது வீட்டுக்குக் கூப்பிடுவேன் சார். ‘நான்தான் பேசறேன்’னு சொன்னது இவர் ஒருத்தர்தான். மத்த வீட்டுல எல்லாம் ஆள் இருக்கமாட்டாங்க. இல்லேன்னு சொல்றதுக்கு மட்டும் ஆள் இருக்கும்.” விரலை எச்சில்படுத்திப் பக்கம் திருப்பினாள். “இதோ. ஓட்ல், மெர்ல். படகு வாங்கின கடன். மூணு தடவை செத்துப்போயிருக்கார். மூணாவது தடவை தகவல் சொன்னவர் ரொம்ப அழுதார். அதே குரல்தான் இப்ப நாலு வாக்கியம் சொல்லிட்டு உக்காந்துச்சு.”

மெர்ல் இறந்துபோனவர்போலவே அசையாமல் இருந்தார்.

“பீஸ்லி, க்ளிஃப்டன்.” பேனா கக்கத்திலிருந்து கீழே விழுந்தது. “‘அவர் வெளிநாடு போய்விட்டார், எந்த நாடு என்பது ரகசியம்’னு அவரே சொல்லியிருக்கார்.”

“அம்மா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க” என்று குறுக்கிட்டார் ஹாலோவே.

டாரீன் தலையைத் தூக்கினாள். கண்ணை மூடினாள். “சார், இன்னொரு தடவை பேசுங்க.”

“எதுக்கு?”

“ஐயோ, அவரேதான்!” டாரீனின் முகம் மலர்ந்தது. “ஹாலோவே வீட்டு நாயைப் பாத்துக்கற ஆள்தானே நீங்க? ஆறு வருஷம் பேசியிருக்கோமே! எசமான் எப்பவும் வீட்டுலயே இருக்கமாட்டார், நீங்கதான் பாவம் தனியா இருப்பீங்க. அந்த நாய் எப்படி இருக்கு?”

கூடத்தில் ஆவி வருவது நின்றுபோனது. யாரும் மூச்சு விடவில்லை.

“நாய்...” என்று ஆரம்பித்தார் ஹாலோவே. “விசாரணை இரண்டு மணி நேரத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது.”

இரண்டு மணி நேரம் ஆர்லோவும் விலெட்டாவும் டாரீனும் நடைவழியில் உட்கார்ந்து, விலெட்டா குடுவையில் கொண்டுவந்த சில்லி சூப்பைக் குடித்தார்கள். உள்ளே கதவுகள் திறப்பதும் மூடுவதும் கேட்டன. அடிக்கடி யாரோ, “என் பேர் எந்தப் பக்கம்?” என்று கேட்கும் குரலும் கேட்டது.

திரும்பிக் கூடியபோது ஹாலோவே எழுந்து நின்றார். இப்போது மூன்று மேலங்கி.

“நோட்டுப் புத்தகம் உண்மைன்னு தீர்ப்புச் சொன்னா, ‘இல்லை’ன்னு எழுதின எல்லாரும் நாளைக்குக் காலையில வீட்டுக்குப் போகணும். வேலிக்குள்ள நாலு பேர்கூட மிஞ்சமாட்டாங்க. நாட்டுக்குப் பாதுகாப்பு இல்ல. பொய்னு சொன்னா மிஸ்டர் ஸ்டக்கி வீட்டுக்குப் போகணும்.” அவர் கையுறைக்குள் ஊதிக்கொண்டார். “அப்ப கணப்பு இல்ல. ரெண்டையும் ஆழமா யோசிச்சோம். இந்த நோட்டுங்க எதிரி கையில கிடைச்சா, வேலிக்குள்ள இருக்கற எல்லாரையும் மிரட்டலாம். ஆகவே இந்த நிமிஷத்துலருந்து இதெல்லாம் மிக ரகசிய ஆவணம்.”

பீஸ்லி நோட்டுகளின் மேல் ஒவ்வொன்றாக முத்திரை குத்தினார்.

“இதுல உள்ளதை அறிஞ்ச மூணு பேர், அனுமதி இல்லாம இந்த அறையில உக்காந்திருக்காங்க. இது கடுமையான பாதுகாப்பு மீறல். இதைச் சரிசெய்ய வழி ஒண்ணுதான். மூணு பேருக்கும் உடனே அனுமதி குடுத்தாகணும். மிஸ்டர் ஸ்டக்கி, உங்களுக்குக் கடன் இருந்தது உண்மைன்னு ஏத்துக்கறோம். அது நாட்டின் ரகசியம். யாருகிட்டயும் சொல்லக்கூடாது.”

விலெட்டா தன்னுடைய முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஹாலோவே ஒரு காகிதத்தை நீட்டினார். ஆர்லோ நூற்று முப்பத்தாறு பக்கத்தையும் படித்தவர். இந்த ஒரு பக்கத்தையும் படித்தார்.

“இதுல, ‘கடன் இருந்ததா என்று எவர் கேட்பினும் இல்லை என்பேன்’னு போட்டிருக்குங்க.”

“ஆமா.”

“அது பொய்யாச்சே.”

“ஆணைப்படி சொன்னா அது பொய் இல்ல, மிஸ்டர் ஸ்டக்கி. கடமை. நான் பதினெட்டு வருஷமா செய்யற கடமை. கையெழுத்துப் போடுங்க, கால் மரத்துப்போச்சு எனக்கு.”

ஆர்லோ பேனாவைக் கீழே வைத்தார். ஒன்பது வருஷம், மாதத்துக்கு ஒரு முறை, ஆறு பத்துக்கு, ‘நான்தான் பேசறேன்’ என்று சொன்னதுதான் அந்தக் கடையும் ஏரியும் போனபிறகு அவரிடம் மிஞ்சியிருந்த சொத்து. அவர் விலெட்டாவைப் பார்த்தார். மார்ச் பதினேழுக்கு இன்னும் முப்பத்துநாலு நாள் இருந்தது.

“நீ சும்மா இரு, ஆர்லோ” என்று விலெட்டா எழுந்து, பக்கவாட்டில் நடந்து மேசைக்கு வந்தாள். “ஏன் சார், வேலிக்குள்ள என்ன செய்யறாங்கன்னு யாராவது உங்களைக் கேட்டா, ‘ஒண்ணும் இல்லை’ன்னா சொல்வீங்க?”

“சேச்சே. ‘சொல்ல எனக்கு அனுமதி இல்ல’ம்பேன்.”

“அப்ப இவரோட ரகசியம் மட்டும் என்ன மட்டமா? இவரும் அதையே சொல்லட்டும்.”

ஹாலோவே பீஸ்லியைப் பார்த்தார். பீஸ்லியின் மூக்கு நுனியில் ஒரு சொட்டு உறைந்து தொங்கியது. அந்த வரியை அடித்துத் திருத்தினார்கள். ஆர்லோ கையெழுத்துப் போட்டார். காவலரும் சிவப்பு விளக்கும் இல்லாமல் தனியாகக் கொட்டகைக்கு நடந்துபோய், கிழட்டு இரும்பை மூன்று தட்டு தட்டினார். அது கொஞ்சம் முனகிவிட்டு எரியத் தொடங்கியது.

அந்த வாரமே ஊரில் ஆர்லோவின் மதிப்பு உயர்ந்துவிட்டது. சர்ச்சில் யாரோ, “கடன் கிடன் ஏதாவது இருந்துதா ஆர்லோ உனக்கு?” என்று விளையாட்டாகக் கேட்டதற்கு அவர், “சொல்ல எனக்கு அனுமதி இல்ல” என்றார். கேட்டவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். பாய்லர்காரனுக்கு என்னவோ மிகப் பெரிய ரகசியம் தெரியும் என்று பேசிக்கொண்டார்கள்.

மார்ச் மாதம், விலெட்டா புது முழங்காலோடு வீட்டுக்கு வந்த மறுநாள், ஆர்லோ ஓர் உறையை எடுத்தார். இருபது டாலர் நோட்டு ஒன்றை உள்ளே வைத்து ஒட்டினார். மேலே சிவப்பு மையில் ‘மிக ரகசியம்’ என்று எழுதினார். இப்போது அப்படி எழுத அவருக்கு உரிமை இருந்தது. ஒரு கோடு போட்ட தாளில், ‘உறை ஒன்று பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி, அதையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

மெர்ல் கதவைத் திறந்தார். உறையைப் பார்த்தார். “என்னடா இது?”

“கையெழுத்துப் போட்டாத்தான் திறக்கலாம்.”

மெர்லின் கை அவருடைய அனுமதியைக் கேட்காமலே சட்டைப் பைக்குப் போய்ப் பேனாவை எடுத்தது. தேதி போட்டு, மணி போட்டு, கையெழுத்துப் போட்டார். உறையைப் பிரித்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். கழுத்திலிருந்து காதுவரை சிவந்தது.

தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. ஆர்லோவின் காதருகே குனிந்தார்.

“பதினாறு வருஷ வட்டி எங்கடா?”